பதினோரு பேருக்கும் ஒரே நம்பர்

"இந்தப் பதினோரு பேரும் உயிரோட இருக்காங்களான்னு மட்டும் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. அது போதும்" என்றார் பெரிய டாக்டர்.

சொல்லிவிட்டு, மேஜைமேல் இருந்த பதினோரு மஞ்சள் ஃபைல்களைச் சீட்டுக்கட்டைப் பரப்புவதுபோல ஒவ்வொன்றாகப் பரப்பினார். இன்ஸ்பெக்டர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. முதலில் மனிதனின் முகத்தைப் பார்க்க வேண்டும், பிறகுதான் காகிதம் என்பது அவர் பழக்கம். பெரிய டாக்டரின் முகத்தில் மூன்று நாள் தூக்கம் பாக்கி இருந்தது.

இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். இருபத்தெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரியாத கடை எரிந்துபோனதாகவும், சாகாத ஆள் செத்துப்போனதாகவும் வருகிற மனுக்களைத் துருவித் துருவிப் பார்ப்பதுதான் உத்தியோகம். வேலை ஓய்ந்தபிறகும் பேர் ஓயவில்லை, வேலையும் ஓயவில்லை. அவருக்கு வண்டி ஓட்டி, வாயும் ஓட்டுகிற பெண்மணி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். இருபது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். அவளை எல்லோரும் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆம்புலன்ஸை விட்ட பிறகும் சத்தம் குறையவில்லை.

"இத்தனை நாளா செத்ததாச் சொன்ன ஆளு உயிரோட இருக்காரான்னு பார்க்கப் போனோம்" என்றாள் சைரன். "இப்ப உயிரோட இருக்கறதாச் சொன்ன ஆளு நிஜமாவே இருக்காரான்னு பார்க்கணுமா? நமக்குப் பதவி உயர்வு சார்."

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார்.

ரத்தக் கொதிப்புக்கு ஒரு புது மாத்திரை. மூன்று வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் அதற்கு ஆராய்ச்சி நடக்கிறது. இருநூறு பேர். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்குப் பார்க்க அதேபோல இருக்கிற வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, கொடுக்கிற சிஸ்டருக்கும் தெரியாது. அந்த விவரம் ஒட்டிய உறைக்குள் வெளியூர்க் குழு ஒன்றிடம் இருக்கிறது. இந்தப் பதினோரு பேரும் ஏழு மாதமாகத் தலைசுற்றல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாத்திரை கெடுதல் செய்கிறதோ என்று குழு பயந்துபோய் அவர்களுடைய உறைகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறது.

"பதினோரு பேர்ல ஆறு பேர் சாப்பிட்டது மாவு" என்றார் டாக்டர். "மாவு தின்னவனுக்கு எப்படிங்க தலை சுத்தும்? அதுகூடப் பரவாயில்ல. எல்லா ஃபைல்லயும் ஒரே வாக்கியம். 'நின்றால் லேசாகச் சுற்றுகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது.' ஒரு எழுத்து மாறல. அப்புறம் இதைப் பாருங்க."

ஒவ்வொரு ஃபைலின் முதல் பக்கத்திலும் ஒரு கட்டத்தைச் சுட்டிக் காட்டினார். 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்ற கட்டம். மகனோ மகளோ அண்ணன் தம்பியோ இருக்க வேண்டிய இடம். பதினோரு ஃபைலிலும் பேர் இல்லை. நம்பர் மட்டும் இருந்தது. பதினொன்றும் ஒரே நம்பர்.

"யாரோடது?"

"இந்த ஆஸ்பத்திரியோடதுதான். ஆராய்ச்சி சிஸ்டர் ரூம்ல இருக்கற போன்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "அவங்க மாசத்துக்கு ஒரு தடவை வந்தா பார்க்கறது அவதான், ரத்தம் எடுக்கறது அவதான், எழுதறதும் அவதான். நான் கையெழுத்துப் போடறவன். நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் குழு இங்க உட்காருது. உட்கார்ந்த இடத்துலயே ஆளை உண்டாக்கி எழுதியிருந்தாள்னா மூணு வருஷ உழைப்பும் குப்பை. அவ இனிமே எந்த ஊர்லயும் நர்ஸா நிக்க முடியாது."

*

ஆராய்ச்சி சிஸ்டரின் அறை வராந்தாவின் கடைக்கோடியில் இருந்தது. ஒரு பக்கம் லேப், மறுபக்கம் ரத்தம் எடுத்த குப்பிகளைக் குளிரில் வைக்கிற அறை. குளிர் இயந்திரத்தின் உறுமல் சுவர் வழியாக வந்துகொண்டே இருந்தது. ஒரு மேஜை, ஒரு போன், ஒரு டம்ளர். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில் ஒரு பெண், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கட்டத்துல ஏன் உங்க நம்பர்?" என்று நேராகவே கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"கட்டம் காலியா இருந்தா ஃபாரம் செல்லாது சார். யார் நம்பர் போடட்டும்னு கேட்டேன். உங்க நம்பரே போட்டுக்கோம்மான்னாங்க."

"பதினோரு பேருமா?"

"ஆமா."

"தலைசுத்தல்?"

"சொன்னாங்க, எழுதினேன். யாருக்காவது எதாவது கெடுதல்னு சொன்னா, சரியாகற வரைக்கும் தினம் போன் பண்ணி விசாரிச்சு எழுதணும். அதான் சட்டம். சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிப்பேன். ஞாயித்துக்கிழமை கிடையாது."

அவ்வளவுதான். அழவில்லை, சத்தியம் செய்யவில்லை, யார் மேலும் பழி போடவில்லை. இன்ஸ்பெக்டருக்கு அதுதான் நெருடியது. பொய் சொல்கிறவர்களிடம் எப்போதும் ஒரு கதை தயாராக இருக்கும். இவளிடம் கதையே இல்லை.

*

காரில் ஃபைல்களை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டே வந்தார். சைரன் ஒரு கையால் ஓட்டினாள்.

"என்ன சார், தலை சுத்துதா?"

"ஒரு வேடிக்கை பாருங்க. இந்தப் பதினோரு பேருக்கும் மாசம் பூரா சுத்துது. ஆஸ்பத்திரிக்கு வர்ற அன்னைக்கு மட்டும் யாருக்கும் சுத்தறதில்ல. மறுநாள் போன்ல கேட்டா திரும்ப ஆரம்பிச்சுடுது."

"பஸ்ல வர்ற பயத்துல நின்னுடுதோ என்னவோ."

"இன்னொண்ணு. பதினோரு பேருமே தனியா இருக்கறவங்க. குடும்பத்தோட இருக்கற ஒருத்தருக்குக்கூடத் தலைசுத்தல் இல்ல."

"பொய்க் கணக்கு சார்!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினாள் சைரன். "குடும்பத்தோட இருக்கறவனுக்குத் தலை சுத்தலையா? எங்க வீட்டுக்காரரைக் கொண்டுவந்து நிறுத்தறேன், சாட்சி சொல்லுவாரு. அது சரி, அந்த அவசரக் கட்டத்துல ஆஸ்பத்திரி நம்பரைப் போட்டதுல என்ன தப்பு? அவசரம்னா அங்கதானே போகணும்?"

"அந்தக் கட்டம் அதுக்கில்ல. நமக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா ஓடி வர்ற ஆளு யாருன்னு கேக்கற கட்டம்."

"நீங்க யார் நம்பர் போட்டிருக்கீங்க சார்? உங்க பென்ஷன் பேப்பர்ல கேட்டிருப்பானே."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உங்க நம்பர்தான்."

சைரன் இன்னொரு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தாள். பிறகு, "சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். அந்தக் குரலில் சத்தமே இல்லை.

*

முதல் ஆள் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மூடிக் கிடக்கிற கடை ஒன்றின் மேல் மாடியில் ஒற்றை அறை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே மேஜை, மேஜை மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் கண்டக்டர். கையில் வெள்ளை பிரஷ். முகட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்.

"இவருக்குத் தலை சுத்தல சார்" என்றாள் சைரன். "கீழேர்ந்து பார்க்கற எனக்குத்தான் சுத்துது."

"யாரு? வாங்க, வாங்க, உள்ள போங்க, வழில நிக்காதீங்க!" என்று மேலேயிருந்தே குரல் கொடுத்தார் கண்டக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறோம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னாரோ இல்லையோ, அவர் முகம் நோயாளி முகமாக மாறியது. ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "நின்னா லேசா சுத்துது. உட்கார்ந்தா சரியாகுது" என்றார்.

"இப்ப நின்னுட்டுதானே இருக்கீங்க?"

"இது ஏறி நிக்கறது. அது வேற."

"மொதல்ல எறங்குங்க. நான் ஓட்டின வண்டில உங்களை மாதிரி எத்தனை பேரைத் தூக்கிப் போட்டிருக்கேன் தெரியுமா?" என்றாள் சைரன். அவர் இறங்கினார், பூனை மாதிரி, கையூன்றாமல்.

"இந்த வாக்கியத்தை உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எனக்கு எவன் சொல்லிக் குடுக்கறது? நான்தான் பெஞ்சுல எல்லாருக்கும்..." கண்டக்டர் சட்டென்று நிறுத்தினார். பிரஷைத் தண்ணீரில் முக்கி, அலசு அலசென்று அலசினார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சொல் வாங்க முடியவில்லை. படி இறங்கும்போது மட்டும் பின்னாலிருந்து கூப்பிட்டார்: "தையக்காரம்மா வீட்டுக்கும் போறதா இருந்தா நாலு மணிக்கு முன்னாடியே போயிட்டு வந்துடுங்க. அப்புறம் போனா பேச முடியாது."

மூன்று மணிக்குள் இன்னும் ஒன்பது கதவுகளைத் தட்டினார்கள். ஒன்பதும் திறந்தன. ஆக, ஆள் நிஜம். தலையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது பேரும் அந்த ஒரே வாக்கியத்தை ஒப்பித்தார்கள். ஒருவர் டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். டம்ளர் தேடி எடுக்கவே அவருக்குக் கால் மணி நேரமாயிற்று. இன்னொருவர் வழியனுப்ப வந்தவர் தெருமுனைவரை காரோடு கூடவே நடந்து வந்தார்.

"ஒண்ணு கவனிச்சீங்களா சார்?" என்றாள் சைரன். "எல்லா வீட்லயும் நாலு நாற்காலி இருந்தா மூணு புத்தம் புதுசு. போன் பக்கத்துல இருக்கறது மட்டும் குழி விழுந்து கிடக்கு."

"கவனிச்சேன்."

"அப்ப கண்டக்டர் சொன்ன அந்தப் பெஞ்சு?"

"மாத்திரை போட்டதும் அரை மணி நேரம் ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்காரணும், அப்புறம்தான் திரும்ப பிரஷர் பார்ப்பாங்க. ஒரே நாள் வர்றவங்க எல்லாம் ஒரே பெஞ்சு."

சைரன் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். அவளுக்கும் புரிய ஆரம்பித்திருந்தது.

*

தையற்காரம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலடிக்கப் பத்து நிமிடம். முன்னறையில் உறை போட்டு மூடிய தையல் இயந்திரம், சுவரோரமாகப் போன். எழுபது வயதிருக்கும் அம்மாளுக்கு. முகம் கழுவி, தலை வாரி, எங்கோ புறப்படுகிற மாதிரி இருந்தார். காது மந்தம், இன்ஸ்பெக்டர் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"நின்னா லேசா..." என்று அவரும் ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டர் கை காட்டி நிறுத்தினார். "அம்மா, நாளைக்குப் பத்து மணிக்கு அந்த சிஸ்டரை வேலையை விட்டு அனுப்பப் போறாங்க."

"எதுக்கு?"

"உங்க தலைசுத்தலையெல்லாம் அவங்களே கற்பனை பண்ணி எழுதினாங்களாம்."

அந்த அம்மாள் மெதுவாக உட்கார்ந்தார். போன் பக்கத்து நாற்காலியில் இல்லை, தையல் இயந்திரத்தின் முக்காலியில்.

"கண்டக்டருக்கு ஒரு வாரம் நிஜமாவே சுத்திச்சு" என்றார். "சரியாச் சாப்பிடாம கிடந்திருக்காரு. அந்தப் பொண்ணு தினம் போன் பண்ணி விசாரிச்சா. சரியாயிடுச்சுன்னாரு, மறுநாள்லேர்ந்து போன் வரல. அதைப் பெஞ்சுல சொல்லிச் சிரிச்சாரு. நாங்களும் சிரிச்சோம். வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பார்த்தேன். நல்லா இருக்கேன்னு சொன்னா அவ போனை வெச்சுடணும், அது சட்டம். நல்லா இல்லேன்னு சொன்னா நாளைக்கும் கூப்பிடணும். அதுவும் அவங்க சட்டம்தானே? நான் என்ன திருடினேனா?"

தையல் இயந்திரத்தின் உறையை நீவி விட்டார்.

"இந்த வீட்ல என் பேரைச் சொல்லிக் கூப்பிடறது அந்த ஒரு குரல்தான் சார். எல்லாருக்கும் அப்படித்தான். கண்டக்டரே வாக்கியத்தைச் சொல்லிக் குடுத்தாரு. ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னா மாட்டிக்குவோம்னு."

"ஒரே மாதிரி சொல்லித்தான் மாட்டினீங்க" என்றாள் சைரன்.

போன் அடித்தது.

அந்த அம்மாள் எழுந்து போய், காது மந்தமானவர்களுக்கென்று இருக்கிற பொத்தானை அமுக்கினார். அறை முழுக்கக் குரல் கேட்டது. பின்னால் குளிர் இயந்திரத்தின் உறுமல்கூடக் கேட்டது.

"எப்படிம்மா இருக்கீங்க? இன்னைக்குத் தலை சுத்துதா?"

அந்த அம்மாள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தார். உண்மையைச் சொல்லுங்க என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் சிஸ்டர் பிழைப்பாள்; நாளை நாலு மணிக்கு இந்த வீட்டில் போன் அடிக்காது.

"இல்லம்மா" என்றார் தையற்காரம்மா. "சுத்தல. ஒரு நாளும் சுத்தினதே இல்ல. பொய் சொல்லிட்டேன்."

போனில் குளிர் இயந்திரம் உறுமியது.

"தெரியும்மா" என்றது குரல்.

சைரன் தலையைத் தூக்கினாள்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டார் தையற்காரம்மா.

"மூணாவது வாரத்துலேர்ந்து. ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப என் சட்டைப் பொத்தான் அறுந்து விழுந்துச்சே, சடார்னு குனிஞ்சு மேஜைக்கு அடியிலேர்ந்து எடுத்துத் தைச்சுக் குடுத்தீங்களே. தலைசுத்தல்காரங்க அப்படிக் குனிய மாட்டாங்க."

"தெரிஞ்சுமா எழுதின?"

"ஆமா."

"ஏம்மா?"

"நாலு மணிக்கு லேப்காரங்க எல்லாம் வீட்டுக்குப் போயிடுவாங்கம்மா. எடுத்த ரத்தத்தைக் கொண்டுபோற வண்டி ஏழு மணிக்குத்தான் வரும். அதுவரைக்கும் எனக்கும் பேச ஆள் கிடையாது."

*

காரில் ஏறியதும் சைரன் சாவியைப் போட்டாள், திருப்பவில்லை.

"அந்த போன் ரொம்பக் கொரகொரன்னு இருந்துச்சு சார். எனக்கு ஒண்ணுமே கேக்கல. உங்களுக்கு?"

"நல்லாக் கேட்டுச்சு."

"பெரிய டாக்டர் உங்ககிட்ட என்ன கேட்டாரு? ஆளுங்க உயிரோட இருக்காங்களான்னுதானே? இருக்காங்கன்னு சொல்லிட்டு வந்துடலாமே!"

இன்ஸ்பெக்டருக்கு அந்த வழி கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. அவர்கள் சொன்னதைத்தான் சிஸ்டர் எழுதினாள் என்று நிரூபிக்கத்தான் காலையிலிருந்து கதவு கதவாகத் தட்டினார். நிரூபித்தும் விட்டார். கடைசிக் கதவில், பொய் என்று தெரிந்தே எழுதினாள் என்ற வாக்குமூலமும் சேர்ந்து வந்துவிட்டது. அதை விட்டுவிட்டால் அந்தத் தலைசுற்றல்கள் நிஜமாகவே ஃபைலில் நிற்கும். நாளைக்கு அதை நம்பி ஒரு டாக்டர் யாருக்கோ நல்ல மருந்தை நிறுத்துவார்.

"இருபத்தெட்டு வருஷத்துல, கேட்டதைக் கேக்கலன்னு நான் எழுதினதில்ல" என்றார்.

"தெரியும் சார். அதனாலதான் உங்களுக்கு என் நம்பரை விட்டா வேற நம்பர் இல்ல" என்று சொல்லிவிட்டு, கியரைக் கடகடவென்று அரைத்து வண்டியை எடுத்தாள். பாதி வழியில், "கோவத்துல சொல்லிட்டேன்" என்றாள். "பரவாயில்ல" என்றார் அவர்.

*

அவர் ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை. சிஸ்டரின் மேஜைமேல் ஃபைல்கள் திறந்து கிடந்தன. பெரிய டாக்டர் ரத்தம் எடுக்கிறவர்கள் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சிக் காகிதத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரே கோடு, அடியில் இருப்பது படிக்கும்படியாக. பக்கத்தில் காரணம், தேதி, கையெழுத்து. அப்படித்தான் செய்யத் தொடங்கியிருந்தாள் சிஸ்டர். ஏழு மாதம், பதினோரு பேர். நாளுக்கொரு கோடு போட்டால் விடிந்துவிடும் என்று ஆளுக்கொரு திருத்தத் தாள் வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரே காரணம்: 'இவருக்குத் தலைசுற்றல் இல்லை. எழுதும்போதே எனக்குத் தெரியும்.'

பத்தாவது தாளில் மை தீர்ந்து பேனா நின்றுவிட்டது. சைரன் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நீட்டினாள்.

"ஆளுங்க?" என்றார் டாக்டர்.

"பதினோரு பேரும் உயிரோட இருக்காங்க டாக்டர்" என்றார் இன்ஸ்பெக்டர். "அதான் அவங்க வியாதி."

டாக்டர் தாளை மேஜையில் வைத்தார். "ஆள் நிஜம், ரத்தம் நிஜம். பொய்யா இருந்ததை நீயே அடிச்சுட்ட. ஆராய்ச்சி பிழைச்சுக்கும்." பிறகு குரல் இறங்கியது. "நீ இந்த ரூம்ல இருக்க முடியாதும்மா. உன்னை வார்டுக்கு விடச் சொல்லி நான் கேட்டுப் பார்க்கறேன். கேக்கத்தான் முடியும்."

"சரிங்க சார்" என்றாள் சிஸ்டர். பதினொன்றாவது தாளில் கையெழுத்துப் போட்டாள்.

அப்போது மேஜை போன் அடித்தது. அந்த அறைக்கு வெளியிலிருந்து யாரும் கூப்பிடுகிற வழக்கம் இல்லை, கூப்பிடுகிறவள் அவள்தான். எழுந்து நின்று எடுத்தாள். பஸ்ஸின் கடைசி சீட்டில் இருக்கிறவனுக்கும் கேட்கிற குரல் அது. பொத்தான் எதுவும் தேவைப்படவில்லை.

"சிஸ்டர்! மணி அஞ்சாகப் போகுது, இன்னும் என் ஸ்டாப்புக்கு உங்க போன் வரலையே? என்ன ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்ல, அப்படியெல்லாம்..."

"குரலே சரியில்லையே. தலை சுத்துதா?"

சிஸ்டர் டாக்டரைப் பார்த்தாள், இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"லேசா" என்றாள்.

"அப்படிச் சொல்லுங்க! உட்காருங்க மொதல்ல. நாளைக்கு நாலு மணிக்கு நானே கூப்பிட்டு விசாரிக்கறேன். சரியாகற வரைக்கும் தினம் கூப்பிடணும், அதானே சட்டம்?"

"நாளைக்கு நான் இந்த ரூம்ல இருக்க மாட்டேன் கண்டக்டரே."

"அப்ப வீட்டு நம்பர் சொல்லுங்க. பெஞ்சுல எல்லாருக்கும் குடுத்துடறேன். இருங்க, பேனா... ம், சொல்லுங்க."

அவள் உட்கார்ந்தாள். ஒவ்வோர் எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கடைசி இரண்டு எண்களுக்குக் கண்ணை மூடி யோசிக்க வேண்டியிருந்தது. அந்த நம்பரை அவளிடம் யாரும் கேட்டு வெகு காலமாகியிருந்தது.